நாட்டாமையை எழுப்பும் ஊசி

ஜூன் 12, வியாழன்

வாங்க, வாங்க. யாராக இருந்தாலும் வந்து உட்காருங்க. சாப்பிட்டாச்சா? வீட்டில் எல்லாரும் சுகமா? அங்கே மழை கிழை உண்டா?

இப்படிக் கேட்காமல் எனக்குப் பேச்சு ஆரம்பிக்காது. வாய்க்குத்தான் அந்தப் பழக்கம் என்று நினைத்தேன், கைக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தவள் ரோஸ்மேரி. டயாலிசிஸ் சென்டரில் எனக்கு மிஷின் மாட்டிவிடுகிற பெண், தூத்துக்குடிக்காரி. “அண்ணாச்சி, தெனமும் எவ்வளவு தண்ணி குடிச்சிய, வெயிட் எவ்வளவு ஏறுச்சுன்னு இதுல எழுதுங்க” என்றாள். தண்ணீரை மட்டும் எழுதினால் ரெண்டு வரியில் நாள் முடிந்துவிடும். அப்புறம் மிச்சப் பொழுதுக்கு எங்கே போவது?

நான் பள்ளிக்கூடப் படி ஏறினவன் இல்லை. கல்யாணம் ஆன பிற்பாடு அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து இது. நானும் ராமுத்தாயும் ஒரே சிலேட்டில் எழுதினோம். யார் முதலில் தன் பேரைத் தப்பில்லாமல் எழுதுவது என்று போட்டி. மொக்கைச்சாமி என்பதில் எத்தனை எழுத்து பாருங்க, அவள்தான் ஜெயித்தாள். அதற்காக நான் அவளுக்கு ரெண்டு பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். ரெண்டையும் அவளே குடித்தாள். அதை விடுங்க.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து அயர்ன் டேபிளில் நின்றே பாதி ஆயுசு போனது. அங்கேதான் கதை சொல்ல ஆரம்பித்தேன். நீராவிக்கு நடுவில் தூக்கம் வராமல் இருக்க யாராவது பேச வேண்டும், அது நான். இப்போது கிட்னி ரெண்டும் வேலையை விட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மிஷினில் படுப்பேன். மற்ற நாள் மங்கலம் ரோட்டு லைன் வீட்டில் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டுவேன்.

ராமுத்தாய் இங்கே இல்லை. தை மாசம் கம்பெனிக்காரர்கள் அவளை ஒடிசாவுக்கு அனுப்பினார்கள். சம்பல்பூர் பக்கம் புதுசாக யூனிட் போட்டிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தையல் பழக்க வேண்டும்.

இன்று மிஷினில் ஃபில்டர் அடைத்தது. அதிலிருந்த ரத்தத்தைத் திரும்ப உள்ளே ஏற்ற முடியவில்லை. அப்படியே தூக்கிப் போட்டார்கள். என் ரத்தம்.

சாயந்திரம் ராமுத்தாய் போன் பண்ணினாள். பேச்சுக்கு நடுவில் அவள் சொம்பை அண்ணாந்து தண்ணீர் குடிப்பது கேட்டது. மடக் மடக்கென்று. “என்னய்யா, சத்தத்தையே காணோம்?” என்றாள். அவள் குடித்து முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 14, சனி

இன்றும் அடைத்தது.

ஜூன் 17, செவ்வாய்

டாக்டர் சாயிமா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர் நின்று பேசினால் சின்ன விஷயம், உட்கார்ந்தால் பெரிசு. இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தெரியும்.

“ஐயா, ரத்தம் கட்டாம இருக்க ஹெப்பரின் போட்டா உங்களுக்கு வயித்துல புண் கசிஞ்சு ரத்தம் போகுது. போடலேன்னா ஃபில்டர் அடைக்குது. மிஷின் ஊசி குத்த இடது கையில நரம்ப இணைச்ச ஃபிஸ்டுலா ஏற்கெனவே அடைச்சுப் போச்சு. வலது கையில இப்பதான் புதுசா நரம்ப இணைச்சிருக்கோம், அது பெருத்து வர்றதுக்குக் கொஞ்ச காலம் ஆகும். அதுவரைக்கும் கழுத்துல இருக்கற குழாய் தாங்கணும்.”

“தாங்கலேன்னா தாயி?”

அவர் என் கழுத்துக் கட்டைப் பார்த்தார். “வேற குழாய் போட நல்ல இடம் உங்க உடம்புல இல்லீங்க ஐயா.”

அப்புறம் ஒரு புது மருந்தைப் பற்றிச் சொன்னார். இன்னும் கடைக்கு வராத மருந்து, சோதனையில் இருக்கிறது. நம் ரத்தத்தைக் கட்டியாக்குகிற என்சைம் ஒன்று நம் உடம்பிலேயே இருக்கிறதாம். அதையே எடுத்து இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் மாற்றிச் செய்திருக்கிறார்கள். மாற்றிய பிறகு அதற்குக் கட்டியாக்குகிற வேலை தெரியாது. ரத்தக் குழாயின் உள்சுவரில் போய் உட்கார்ந்து, நம் ரத்தத்திலேயே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு புரோட்டீனைத் தட்டி எழுப்பும். புரோட்டீன் சி என்று பேர். எழுந்த புரோட்டீன் போய் ரத்தம் கட்டுவதை நிறுத்தும். வெளியிலிருந்து ரத்தத்தை நீர்க்கச் செய்யாமல் உடம்பையே அதன் வேலையைச் செய்ய வைப்பதால், வயிற்றுப் புண் கசியாது என்று எதிர்பார்க்கிறார்கள்.

“எதிர்பாக்குறோம். உறுதியாச் சொல்ல முடியாது. அதுக்குத்தான் சோதனை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, ரோஸ்மேரிக்கும் தெரியாது. வீட்டு ஆளுங்களோட பேசிட்டுச் சொல்லுங்க.”

“பேசியாச்சு தாயி” என்றேன். பேசவில்லை. கையெழுத்துப் போட்டேன். எழுத்தெல்லாம் சேர்த்துத்தான் போட்டேன், ஒன்றையும் விடவில்லை.

ஜூன் 18, புதன்

ஏன் அவளிடம் சொல்லவில்லை? அதை யோசித்தபடியே ஒரு மூட்டைப் பிசிறு வெட்டிவிட்டேன்.

போனில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்க. “இந்தப் பிள்ளைக என்னைய ‘மா, மா’ங்குதுகய்யா, அதுக பாஷையில அம்மான்னு. முந்தாநாத்து சூப்பர்வைசர் பய ஒருத்தன் ஒரு பிள்ளைய வஞ்சுபுட்டான். மிஷின நிறுத்திட்டு எந்திரிச்சுப் போனேன். எது சொல்றதா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லு, அதுகளுக்கு நாந்தேன் மாஸ்டர்னேன். பொட்டிப் பாம்பா அடங்கிட்டான்.”

திருப்பூரில் அவள் குனிந்த தலை நிமிராமல் தைத்தவள். ‘ஏம்மா ஓவர்லாக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மிஷின் பேரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துப் பழகியவள் இன்று எழுந்து நின்று சண்டை போட்டிருக்கிறாள். வார்த்தைக்கு வார்த்தை சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், ஆனால் ரொம்ப நாளாகக் கேட்டதில்லை. இந்தக் கழுத்துக் குழாய்க் கதையைச் சொன்னால் ராத்திரியே மூட்டை கட்டிவிடுவாள்.

“இங்கயும் நம்ம மாதிரியே தண்ணி ஊத்துன சோறுதேன். மோரு விட்டு, ஒரு உருளக்கெழங்கச் சுட்டு…” என்று ஆரம்பித்தாள்.

“வெளிய ஆள் கூப்பிடுது” என்று போனை வைத்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர் ஊற்றிய சோறு என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று எனக்கு அளந்த டம்ளர் காலையிலேயே காலி.

வைக்கும் முன் கேட்டாள்: “ஃபில்டர் எப்படி இருக்கு?” இங்கே இருந்தபோது மிஷின் முடிந்ததும் ஃபில்டரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, துணியில் கறை பார்ப்பது மாதிரி பார்ப்பாள்.

“வெள்ளையா இருக்கு” என்றேன்.

ஜூன் 21, சனி

முதல் ஊசி போட்டாயிற்று. பக்கத்துக் கட்டில் வெள்ளியங்கிரிக்கும் போட்டார்கள். குன்னத்தூர்க்காரர், தோட்டம் துரவு உள்ளவர், கையில் ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார். மிஷினுக்கு முன்னால் அவரும் நானும் ஒரே சாதி. டாக்டர் சொன்னது புரியவில்லை என்று என்னைக் கேட்டார். கேட்டுவிட்டால் நான் சும்மா இருப்பேனா.

“ஒரு ஊர்ல ஒரு சண்டியர். அவன் வேல என்னன்னா, ஊர் எல்லையில கல்லடுக்கி வழிய மறிக்கிறது. வெள்ளம் வந்தா அது நல்லதுதேன். வெள்ளம் இல்லாதப்பயும் மறிச்சா? வண்டி போக முடியல, தண்ணி போக முடியல. அந்த ஊருக்கு ஒரு நாட்டாமை உண்டு, ஆனா படுத்துத் தூங்குறாரு. இப்ப டாக்டர்மாரு என்ன செஞ்சாகன்னா, அதே சண்டியர் மாதிரி ஒருத்தனச் செஞ்சு, கல்லுத் தூக்குற கையை மட்டும் எடுத்துட்டாக. வாய் இருக்கு. அவன் நேராப் போயி நாட்டாமை வீட்டுக் கதவத் தட்டுவான். யோவ், எந்திரிய்யான்னு.”

வெள்ளியங்கிரி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். “ஏனுங்க மொக்கைச்சாமி, அந்த நாட்டாமை எம்பட ஒடம்புல இருக்கறானுங்களா, இல்ல அவனும் ஊட்ட வித்துப்போட்டு டவுனுக்குப் போயிட்டானுங்களா?”

ரோஸ்மேரி சிரித்ததில் கையிலிருந்த பிளாஸ்திரி உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. “ரெண்டு பேரும் வாய மூடிட்டுப் படுங்க. பிரஷர் ஏறுது பாருங்க!”

ஒரு சேதி: சோதனை முடியும்வரை ஃபில்டரை எங்களுக்குக் காட்ட மாட்டார்களாம். பச்சைத் துணி போட்டு மூடி எடுத்துப் போகிறார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

ஊசி வருகிற உறையைப் பார்த்தேன். என்னுடையதில் வட்டமாகச் சிவப்பு ஸ்டிக்கர். வெள்ளியங்கிரியின் உறையில் பச்சை.

இதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. செக்கிங் டேபிளில் உட்கார்ந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஓட்டை இருந்தால், கறை இருந்தால், தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அது கப்பலேறாது. பச்சை ஒட்டினால் பாஸ், பெட்டிக்குள் போகும். சிவப்பு ஒட்டியதெல்லாம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் கிலோ கணக்கில் கிடக்கும்.

எனக்குச் சிவப்பு.

வெள்ளியங்கிரியும் கவனித்திருக்கிறார். பனியன் கம்பெனிக்குச் சாயம் ஏற்றாத காடா துணி கொடுத்துப் பழகினவர், அவருக்கும் தெரியும். வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியில் ரெண்டை என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான்.

ஜூன் 29, ஞாயிறு

பக்கத்து வீட்டில் ஜுபைதா மிஷினை ஓட்டத் தொடங்கினால் என் தலை தானாகத் திரும்புகிறது. ராமுத்தாய் கொஞ்சம் ஓட்டுவாள், நிறுத்துவாள், நூலைப் பல்லால் கடிப்பாள், மறுபடி ஓட்டுவாள். ஜுபைதா நிறுத்தாமல் ஓட்டுகிறாள். அந்த நிறுத்தம் வரும் வரும் என்று காத்திருக்கிறேன். வருவதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மிஷின் அலறியது. இந்த ஊசி ஆரம்பித்த பிறகு முதல் தடவை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ரத்தம் கட்டி வழி அடைக்கும்போது வருகிற சத்தம். ரோஸ்மேரி ஓடி வந்தாள், குழாயைத் தொட்டாள், தலையை இப்படித் திருப்பு அப்படித் திருப்பு என்றாள், போய்விட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் இருக்கத்தானே அவளுக்குச் சம்பளம்.

ஆக, உப்புத் தண்ணிதான். சிவப்பு ஒட்டினது தண்ணிதான். நாட்டாமை தூங்குறான், கதவத் தட்ட ஆளே வரல. அடுத்த அடைப்புல இந்தக் கழுத்துக் குழாயும் போகும், அப்புறம் எங்க போடுவாக? எங்கயும் இல்ல.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் போட்டேன். ஒரு ராத்திரி ஷிப்டையே கதையால் ஓட்டினவன் நான். வாயில் வந்தது இது ஒன்றுதான்.

“ஒன்னப் பாக்கணும் போல இருக்கு புள்ள.”

அந்தப் பக்கம் மிஷின் சத்தம், பிள்ளைகள் சத்தம். “சரி” என்றாள். ஏன், எதற்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

ஏன் சொன்னேன்?

ஜூலை 12, சனி

நான் மிஷினில் இருந்தபோதே வந்துவிட்டாள். ரயிலிலிருந்து இறங்கி நேரே சென்டர். தோளில் ஒரு பை, தலையெல்லாம் புழுதி, கண் ரெண்டும் வீங்கியிருக்கிறது. நான் அந்த நேரம் பார்த்து வெள்ளியங்கிரிக்கு ஒரு எருமை கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கையை ஆட்டி, கழுத்தை நீட்டி, எருமை முட்ட வருகிற இடம்.

வாசலில் நின்று பார்த்தாள். பையைத் தொப்பென்று போட்டாள்.

“ஏய்யா, சாகப் போறவன் குரல்ல போன் பண்ணிட்டு இங்க எருமையா மேய்க்கிற?”

வெள்ளியங்கிரி கண்ணை மூடித் தூங்குவது போலப் படுத்துக்கொண்டார். அப்போது பார்த்து மிஷின் அலறியது. எனக்கு உயிர் போய்விட்டது. ரோஸ்மேரி வந்து என் தலையைப் பிடித்து நேராக வைத்தாள். சத்தம் நின்றது.

“அண்ணாச்சி, எத்தனை வாட்டி சொல்லுதேன், கதை சொல்லும்போது கழுத்தத் திருப்பாதீயன்னு. குழாய் மடங்கித்தானே இது கத்துது!”

“மடங்குதா? அடைக்கலையா?”

ராமுத்தாய் அவள் பக்கம் திரும்பினாள். “தாயி, எனக்கு டாக்டர் பாஷை வேணாம். இவருக்கு ரத்தம் கட்டுதா, கட்டலையா? அத மட்டும் சொல்லு.”

ரோஸ்மேரி டாக்டர் அறைப் பக்கம் பார்த்துக்கொண்டாள். “ஃபில்டரக் காட்டக் கூடாது அக்கா. ஆனா நடுவுல ஃபில்டர மாத்துனா இவுகளே பாத்திருப்பாவல்லா? புது ஊசி தொடங்குன பொறவு மாத்துனதே இல்ல. இவுக யோசிக்கவே இல்லையே?”

யோசிக்கவில்லைதான். சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்ததும் மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை. அதைச் சொன்னேன். ரோஸ்மேரி என்னையே பார்த்தாள், அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அது நான் ஒட்டுனது அண்ணாச்சி! கழுத்துல குழாய் உள்ளவியளுக்குச் சிவப்பு, கையில ஃபிஸ்டுலா உள்ளவியளுக்குப் பச்சை. ஊசிய எந்த வழியா ஏத்தணும்னு எனக்கு மறக்காம இருக்க!”

கண்ணை மூடிக் கிடந்த வெள்ளியங்கிரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நா இத்தன நாளா உங்குளுக்கு இட்லி குடுத்ததெல்லாம் வீணாப் போச்சுங்களே!”

ராமுத்தாய் சிரிக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வீட்டில் ஆள் இருக்கிறது. அடுப்பில் சத்தம் இருக்கிறது. எழுத ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

நாலு நாளாகக் கவனிக்கிறேன். சோறு ஆக்குகிறாள், பிசிறு வெட்டுகிறாள், என்னோடு சென்டருக்கு வருகிறாள். எல்லாம் செய்கிறாள். சாயந்திரம் போன் அடித்தால் மட்டும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறாள்.

இன்று வீடியோவில் ஒரு பிள்ளை. ஒடியாவும் தமிழும் இந்தியும் கலந்து ஒரு பேச்சு, எந்த ஊரிலும் அப்படிப் பேச மாட்டார்கள். அந்தப் பிள்ளை துணியைத் தூக்கிக் காட்டுகிறது, தோள்பட்டைத் தையல் சுருங்கி நிற்கிறது. ராமுத்தாய் நம் வீட்டுத் தலையணை உறையை எடுத்து, இல்லாத மிஷினுக்கு அடியில் நகர்த்துகிற மாதிரி ரெண்டு கையாலும் நகர்த்திக் காட்டினாள். “இழுக்காத, இழுக்காத. அது போக்குல விடு.” அந்தப் பிள்ளை போய்த் தைத்துக் காட்டியது. சரியாக வந்தது. அங்கே பத்துப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

போன் அணைந்தது. அவள் அந்தத் தலையணை உறையை மடியில் வைத்துக்கொண்டு கருப்பான திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. ஆறு மாதமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தேங்காய்ச் சாதம் செய்தாள். எனக்கு ஒரு கரண்டி மட்டும்.

சாப்பிடும்போது சொன்னேன்: “நீ கெளம்பு.”

“ஏன், நான் இருக்கறது கசக்குதா?”

“கசக்கல. அந்தப் பிள்ளைக வழி பாத்துட்டு இருக்குதுக.”

“ஒன்னைய யாரு பாக்குறது?”

“நாட்டாமை முழிச்சுட்டாரு. அவரு பாத்துக்குவாரு.”

“இந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்” என்றாள். ஆனால் தட்டைக் கழுவப் போனவள் திரும்பி வந்து, “போயிட்டுத் தீவாளிக்கு வந்துறட்டா?” என்று கேட்டாள். கல்யாணத்திலிருந்து அவள் என்னிடம் அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டது பிடிக்கவில்லை எனக்கு.

“தீவாளிக்கு நீ வர வேணாம்” என்றேன். “கை நரம்பு பெருத்துருச்சுன்னா நான் வாரேன்.”

நம்பவில்லை அவள். நானும் நம்பித்தான் சொன்னேனா, தெரியாது.

ஆகஸ்ட் 6, புதன்

சம்பல்பூர் வழியாகப் போகிற தன்பாத் வண்டியில் ஏற்றிவிட்டேன். வடக்கத்திப் பையன்கள் பெட்டி நிறைய. ஜன்னல் வழியே கையை நீட்டி என் வலது கையைத் தொட்டுப் பார்த்தாள். புது நரம்பு உள்ளே விர்ரென்று ஓடுகிறது, தொட்டால் தெரியும். “ஓடுது” என்றாள். வண்டி நகர்ந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச தூரம் நடக்க வைத்தாள் என்னை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தலையணை உறையை இன்னும் துவைக்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

கடைசி ஊசி. இனி அந்த மருந்து கிடையாது, சோதனை முடிந்தது. இன்று முதல் தடவையாக வலது கையில் ஊசி குத்தி மிஷின் ஓட்டினார்கள். ரத்தம் பாய்கிற வேகத்தைப் பார்த்து ரோஸ்மேரி, “அண்ணாச்சி, தாமிரபரணி மாதிரில்லா வருது!” என்றாள்.

வெள்ளியங்கிரி போன மாதமே சோதனையிலிருந்து விலகிவிட்டார். அவருக்கு ஃபில்டர் அடிக்கடி அடைத்தது, ஹெப்பரினுக்கே போய்விட்டார். அவருக்கு வயிற்றில் புண் இல்லை, அதனால் பயமில்லை. “பச்சை ஒட்டுனாலும் எனக்குக் கெடச்சது தண்ணிதானுங்க. அதையும் ஊசில குடுத்தாங்க, வாயில குடுத்திருந்தாலாச்சும் தாகம் தீர்ந்திருக்கும்” என்கிறார். எனக்கு வந்தது மருந்துதானா என்று டாக்டரைக் கேட்டேன். எல்லா ஊர்க் கணக்கும் சேர்ந்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்களாம். “ஆனா கழுத்துக் குழாய் தாங்கிருச்சுங்க ஐயா. வயித்துலயும் கசியல” என்றார். இந்தத் தடவை நின்றுகொண்டே சொன்னார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கழுத்துக் குழாயை எடுத்தாகிவிட்டது. ஒரு விரல் பிளாஸ்திரி, அவ்வளவுதான் மிச்சம். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், புண் ஆறியிருக்கிறது. இனிக் கொஞ்சமாக ஹெப்பரின் போட்டால் தாங்கும் என்கிறார் டாக்டர்.

இதுதான் நேரம் என்று கேட்டேன். “தாயி, மிஷின் சம்பல்பூர்லயும் உண்டா?”

டாக்டர் சாயிமா பேனாவை மூடினார். “எதுக்கு ஐயா?”

நான் கழுத்துப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து வெள்ளியங்கிரி, “பொண்டாட்டியப் பாக்கோணுமாமுங்க. வாயத் தொறந்தா ஆயரங் கதை, இத மட்டும் சொல்ல வராதுங்க அவுருக்கு” என்றார்.

டாக்டர் அங்கேயே போன் போட்டு விசாரித்தார். இருக்கிறதாம். கடிதம் எழுதித் தருகிறாராம்.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளிக்கு ஊரே காலியாகிறது. பஸ் ஸ்டாண்டில் தெற்கே போகிற கூட்டம் ஏறி மிதிக்கிறது. நான் வடக்கே. சனிக்கிழமை மிஷின், ஞாயிறு ரயில், செவ்வாய் அங்கே மிஷின். அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவாள். அவள் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் நிமிர்ந்து நிற்பதை ஒரு தடவை அவளுக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும்.

வெள்ளியங்கிரி தன் தோட்டத்து முருங்கைக்காயை ஒரு கட்டுக் கொண்டுவந்தார். “நம்ம கிட்னிக்குத்தான் ஆகாது, தங்கச்சிக்குக் குடுங்க” என்றார். பக்கத்துக் கட்டிலுக்கு இனி யார் வருவார்கள் என்று ரோஸ்மேரியைக் கேட்டார். “ஊமை ஆளாப் பாத்துப் போடு சாமி, தூங்கோணும்” என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

குளிர் என்றால் இந்தச் சம்பல்பூர்க் குளிர்தான் குளிர். நம் ஊர் மார்கழியை இங்கே கொண்டுவந்தால் சட்டையைக் கழற்றிவிடுவார்கள். இங்கே மிஷின் போடுகிற பையனுக்கு என் பேச்சு புரியாது, எனக்கு அவன் பேச்சு புரியாது. கையைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டுவான், நானும் ஆட்டுவேன். வேலை நடக்கிறது.

லீவு நாளில் தையல் பிள்ளைகள் அறைக்கு வந்துவிடுகிறார்கள். இன்று காலையில் வந்ததில் குட்டையான ஒரு பிள்ளை, ராமுத்தாயைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டது. கூட வந்தவள் இந்தியில் சொல்லி, அதை ராமுத்தாய் தமிழில் சொல்ல வெட்கப்பட்டு, கடைசியில் விஷயம் வெளியே வந்தது. எங்கள் ‘மா’வை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்கிறதாம்.

இதைக் கேட்டால் என் வாய் சும்மா இருக்குமா? ஆனால் ஆரம்பிப்பதற்குள் ராமுத்தாய் அவர்களை விரட்டிவிட்டாள். கழுத்தில் குழாய் இருந்த காலம் முழுக்கத் தலைக்குத் தண்ணீர் படக் கூடாது என்று வைத்திருந்தார்கள். இப்போது தழும்பு நன்றாக மூடிவிட்டது. எனக்குத் தலைக்கு ஊற்றிவிட வேண்டுமாம் அவளுக்கு. சீயக்காய் கரைத்து வைத்திருக்கிறாள். அதனால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லாததை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன், கேளுங்க. சித்திரை மாசம், நல்ல வெயில், மந்தையில் ஒரு வண்டி மாடு மிரண்டு ஓடுகிறது, எல்லாரும் ஒதுங்கிவிட்டார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் தலையில் இருந்த கூடையை இறக்காமல்

“ஏய்யா, எழுதுனது போதும், வெந்நி ஆறுது!”

இந்தா வந்துட்டேன், கூடையை இறக்காமல் அவள் என்ன செய்தாள் என்றால், நேரே அந்த மாட்டுக்கு முன்னால் போய்